கோடிங் தெரியாமல் ஒரு வெப் ஆப்: பத்தமடைக் கல்யாணப் பாய் விற்பதை வைத்து ஒரு செய்முறை

கல்லிடைக்குறிச்சி அப்பளம், காருக்குறிச்சி மண்பாண்டம், உடன்குடிக் கருப்பட்டி, வீரவநல்லூர்க் கைத்தறிச் சேலை என்று நம் பக்கத்தில் விற்பதற்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. அதை வெளியூருக்கு விற்க யோசனை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. பேச்சு மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "ஒரு ஆப் மட்டும் இருந்தா தொடங்கிரலாம் அண்ணாச்சி." ஆப் செய்து தருகிறவரிடம் விசாரித்தால் லட்சக்கணக்கில் ஒரு தொகையும் மாதக்கணக்கில் ஒரு காலமும் சொல்வார். யோசனை அத்தோடு பரணுக்குப் போய்விடும்.

அவ்வளவு பணம் போடாமல், ஒரு வரி நிரல்கூட எழுதாமல், நீங்களே ஒரு ஆப் கட்டிவிடலாம். நோ-கோட் என்று இதற்குப் பெயர். தகவல் இருக்கும் அட்டவணையைக் காட்டினால் கருவி அதைப் படித்துப் பட்டியல், படிவம், பொத்தான் எல்லாம் போட்டுத் தரும். எது எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். கருவி எளிதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் அட்டவணை. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அட்டவணையைப் பற்றித்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டுக்குப் பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்கிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிற அந்த ஊரில், கோரைப் புல்லில் மணமகன், மணமகள் பெயரையும் கல்யாணத் தேதியையும் சேர்த்தே நெய்து தருவார்கள். வெளியூரிலிருந்து ஆர்டர் பிடித்து, நெசவாளரிடம் கொடுத்து, பாயை அனுப்பி வைக்கும் தொழில் உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டர் போல இன்னொன்று இருக்காது. தேதி தவறினால் பாய்க்கு மதிப்பே இல்லை. பெயரில் ஒரு எழுத்து பிசகினால் அந்தப் பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது. இப்படிப்பட்ட தொழிலுக்கு ஆப் சரியாக வந்துவிட்டால் அப்பளத்துக்கும் கருப்பட்டிக்கும் செய்வது சுலபம்.

முதலில் ஐந்து ஆர்டர், கையால்

ஆப்பைத் தொடாதீர்கள். டொமைன் வாங்க வேண்டாம், லோகோ வேண்டாம். போனில் வாட்ஸ்அப் பிசினஸைப் போடுங்கள், இலவசம்தான். கேட்டலாக்கில் நான்கைந்து பாய்களின் படமும் அளவும் விலையும் ஏற்றுங்கள். லேபிள் வசதி அதிலேயே இருக்கிறது: புது ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தது என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒட்டி வையுங்கள். உங்கள் எண்ணைச் சேமிக்காமலேயே ஆட்கள் பேசத் தொடங்குவதற்கு ஒரு குறு இணைப்பும் கியூஆர் படமும் அந்த ஆப்பே தரும்.

அந்த கியூஆரை எங்கே ஒட்டுவது? கல்யாண மண்டபத்தைவிட நல்ல இடம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. மண்டபத்துக்கு ஆள் வரும்போது கல்யாணம் வந்துவிட்டிருக்கும். பாய் நெய்ய நேரம் இருக்காது. அச்சகத்துக்கு வருகிறவரிடம் நாள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பெயரும் தேதியும் அங்கே ஏற்கெனவே புரூஃப் பார்த்து முடிந்திருக்கும் என்பது கூடுதல் லாபம். டவுனிலும் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் நாலு அச்சகத்தில் பேசி வைத்தால் போதும்.

ஐந்து ஆர்டர் வந்து போகட்டும். ஒவ்வொருவரும் என்ன கேட்டார்கள், நீங்கள் திருப்பி என்ன கேட்டீர்கள், எதற்காக இரண்டாவது முறை போன் போட வேண்டி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஆப்பின் வரைபடம் அந்த நோட்டுதான். ஐந்து பேர்கூட வாங்கவில்லை என்றால், நல்லவேளை, ஆப்புக்குச் செலவழிக்கவில்லை.

அட்டவணை

கூகுள் ஷீட்ஸில் ஒரு புதிய கோப்பைத் திறங்கள். இந்த வேலைக்கு லேப்டாப் வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் நண்பனுடையதை வாங்கிக்கொள்ளுங்கள். போனில் செய்தால் கண்ணும் பொறுமையும் போய்விடும்.

எதையும் தட்டச்சு செய்வதற்கு முன்னால் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸுக்குப் போய் லொக்கேல் என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அது அமெரிக்காவாக இருந்தால், நீங்கள் 5/6 என்று அடிக்கும் ஜூன் 5-ஐ ஷீட் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். வைகாசிக் கல்யாணம் சித்திரைக்குப் போய்விடும். இதில் கொடுமை என்னவென்றால், 25/6 என்று அடித்தால் அப்படி ஒரு மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகப் பாதித் தேதிகள் தவறாகவும் மீதி தேதியாகவே இல்லாமலும் கிடக்கும், வரிசைப்படுத்தும்போதுதான் தெரியும்.

இதற்கு நம் ஊர்க் காவல் ஒன்று உண்டு: கிழமை. கல்யாணத் தேதியைக் கேட்கும்போது கிழமையையும் கேட்டு வாங்குங்கள். 2026 ஜூன் 5 வெள்ளிக்கிழமை, மே 6 புதன்கிழமை. தேதியிலிருந்து கிழமையை எடுக்கும் ஃபார்முலா ஷீட்டிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் சொன்ன கிழமையோடு அது ஒத்துப்போகாவிட்டால் கட்டம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் தேதியை மாற்றிச் சொல்லிவிட்டாலும் கிழமையை மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.

இனி தாள்கள். மூன்று போதும்: ஆர்டர்கள், நெசவாளர்கள், பணம். எல்லாவற்றையும் ஒரே தாளில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போகிற பழக்கம் பலருக்கு உண்டு. நெசவாளரின் போன் எண்ணை ஒவ்வொரு ஆர்டரிலும் அடித்து வைத்தால், அவர் எண் மாறும் அன்று எத்தனை இடத்தில் திருத்துவீர்கள்? நெசவாளர் தாளில் ஒரு முறை இருக்கட்டும். ஆர்டர் தாளில் அவருடைய அடையாள எண் மட்டும் இருந்தால் போதும். பணத்துக்குத் தனித் தாள் எதற்கு என்றால், அட்வான்ஸ் ஒரு நாள் வரும், மீதி இரண்டு தவணையாக வரும். ஒரு ஆர்டருக்கு மூன்று வரவு இருந்தால் மூன்று வரிசை.

ஆர்டர் தாளில் என் கணக்கில் இருக்க வேண்டிய பத்திகள் (column) இவை: ஆர்டர் எண், வாங்குபவர் பெயர், போன், மணமகன் பெயர், மணமகள் பெயர், கல்யாணத் தேதி, கிழமை, அளவு, நிறம், முகவரி, பின்கோடு, நெசவாளர், நிலை, அனுப்ப வேண்டிய கடைசி நாள், விலை. ஒரு வரிசை ஒரு ஆர்டர். கட்டங்களை மெர்ஜ் செய்யாதீர்கள், நடுவில் காலி வரிசை விடாதீர்கள், மேலே அலங்காரத் தலைப்பு வைக்காதீர்கள். முதல் வரிசை பத்தித் தலைப்பாக இருந்தால்தான் ஆப் கருவிக்குப் புரியும்.

போன் பத்தியை முழுதாகத் தேர்ந்தெடுத்து பிளெயின் டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யமும் கூட்டல் குறியும் காணாமல் போகும். நிலைப் பத்தியில் கையால் எழுதவே விடாதீர்கள், டிராப்டவுன் வையுங்கள்: புதியது, பெயர் சரிபார்த்தது, அட்வான்ஸ் வந்தது, தறியில், முடிந்தது, அனுப்பியது, கிடைத்தது, ரத்து. ஒருவர் "முடிந்தது" என்றும் இன்னொருவர் "முடிஞ்சுது" என்றும் அடித்தால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு சங்கதி. கடைசி நாள் பத்தியில் கல்யாணத் தேதியிலிருந்து 15 நாள் கழிக்கும் ஃபார்முலா இருந்தால் அது தானாக நிரம்பும். பதினைந்தா இருபதா என்பது உங்கள் பார்சல் போகும் தூரத்தைப் பொறுத்தது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். முத்துலட்சுமியா, முத்துலெட்சுமியா? எஸ். சுடலைமுத்தா, சு. சுடலைமுத்தா? இதை நீங்கள் ஊகிக்கவே கூடாது. வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் வந்த பெயரைத் தமிழாக்கி நெய்யக் கொடுப்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது. தமிழில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் பத்திரிகை புரூஃபின் படத்தை வாங்குங்கள், பிறகு "பாயில் இப்படித்தான் வரும்" என்று திருப்பி அனுப்பி, சரி என்ற பதில் வந்தால் மட்டுமே நிலையைப் "பெயர் சரிபார்த்தது" ஆக்குங்கள். அச்சகத்திலிருந்து எழுத்தை அப்படியே வாங்கி ஒட்டினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது ஷீட்டுக்கு வந்தால் ஏதோ சம்பந்தமில்லாத எழுத்தாகத் தெரியும். எந்தப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோலத் தெரியும் யூனிகோடில் அடித்ததைத்தான் வாங்க வேண்டும்.

எழுத்துக்கு இவ்வளவு என்று விலை வைக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஷீட்டில் எழுத்தை எண்ணும் ஃபார்முலாவில் "சுடலைமுத்து" என்று கொடுத்தால் 11 என்று வரும். நாம் எண்ணினால் 6. கம்ப்யூட்டர் அடிப்படை எழுத்தையும் அதன் துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் வித்தியாசம் இது. எழுத்து எண்ணிக்கையை மட்டும் கையால் எண்ணி நிரப்பினால் வாடிக்கையாளரோடு சண்டை மிச்சம்.

ஆர்டர் வாங்கும் படிவம்

இதற்கு கூகுள் ஃபார்ம்ஸ் போதும். மேலே சொன்ன பத்திகளில் வாடிக்கையாளருக்குத் தெரிந்ததை மட்டும் கேளுங்கள். அளவும் நிறமும் படத்தோடு தேர்ந்தெடுக்கும்படி இருக்கட்டும். போனுக்குப் பத்து இலக்கம் இருந்தால்தான் ஏற்கும் என்று விதி வைக்கலாம். படம் ஏற்றும் கேள்வியை இதில் வைக்காதீர்கள். அது இருந்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைய வேண்டியிருக்கும், பாதிப் பேர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பத்திரிகைப் படம் வாட்ஸ்அப்பில் வரட்டும்.

ஃபார்ம் பதில்கள் ஷீட்டில் தனித் தாளில் வந்து விழும். அந்தத் தாளில் கை வைக்காமல், பெயரும் தேதியும் சரிபார்த்த பிறகு ஆர்டர் தாளுக்கு நீங்களே ஏற்றுங்கள். ஆட்டோமேட்டிக்காக ஏற்ற வழி இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு மனிதக் கண் பார்த்த பிறகு ஏறுவதுதான் நல்லது.

இப்போது ஆப்

நான் பரிந்துரைப்பது ஆப்ஷீட். 2020-இல் கூகுள் வாங்கிய கருவி இது. ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஷீட் என்று இருக்கும். அதைத் தட்டி ஆப் உருவாக்கு என்றால் உங்கள் தாளைப் படித்து அதுவே ஒரு ஆப்பைப் போட்டுவிடும். சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் பத்துப் பேர் வரை இலவசம். தொழிலாக ஓட்டத் தொடங்கியதும் ஆளுக்கு மாதம் இத்தனை டாலர் என்று கட்டணம் உண்டு. விலை மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய விலையை அவர்கள் தளத்திலேயே பாருங்கள்.

அது போட்டுத் தந்த ஆப்பில் நீங்கள் திருத்த வேண்டியவை:

1. ஆர்டர் எண்ணை கீ (ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாளம்) ஆக்குங்கள். சும்மா விட்டால் சில நேரம் வரிசை எண்ணைக் கீயாக எடுத்துவிடும். நடுவில் ஒரு வரிசையை அழித்தால் எல்லாம் குழம்பும். புது ஆர்டருக்குத் தனி எண்ணை உருவாக்கித் தரும் யூனிக் ஐடி ஃபார்முலா அதிலேயே இருக்கிறது.
2. பத்தி வகைகளைச் சரிபாருங்கள். தேதி தேதியாகவும், விலை விலையாகவும், நிலை எனம் (Enum) என்ற தேர்வுப் பட்டியலாகவும், நெசவாளர் ரெஃப் (Ref) என்ற, வேறு தாளோடு சேர்க்கும் இணைப்பாகவும் இருக்க வேண்டும்.
3. மூன்று பார்வைகள் (திரையில் காட்டும் பட்டியல்கள்) போதும். கடைசி நாள் நெருங்கும் வரிசையில் ஆர்டர்கள், நெசவாளர்வாரியாக ஆர்டர்கள், பணம் பாக்கி இருப்பவை.
4. நெசவாளருக்கு இரண்டே பொத்தான்: "தறியில் ஏத்தியாச்சு", "முடிஞ்சுது". தட்டினால் நிலைப் பத்தி மாறும்படி ஆக்ஷன் வையுங்கள். முடிந்த பாயைப் படம் எடுத்து ஏற்ற ஒரு இடம்.
5. செக்யூரிட்டி ஃபில்டர். உள்ளே நுழைந்தவரின் மின்னஞ்சலும் அந்த ஆர்டரின் நெசவாளர் மின்னஞ்சலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே வரிசை போக வேண்டும் என்ற நிபந்தனை. உங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியலாம்.

கிராமத்தில் சிக்னல் போய்ப் போய் வரும். ஆப்ஷீட்டில் நெட் இல்லாதபோது தட்டியதும் போனில் நின்று, நெட் வந்ததும் ஷீட்டுக்குப் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே நம் பக்கத்துக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பயனுள்ள பொத்தான் இருக்கிறது. ஆர்டரைத் திறந்து தட்டினால், வாடிக்கையாளரின் எண்ணுக்கு வாட்ஸ்அப் திறந்து, "உங்கள் பாய் தறியில் ஏறிவிட்டது" என்ற செய்தி அடித்துத் தயாராக நிற்கும். அனுப்புவதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். தானாகவே செய்தி போகிற வாட்ஸ்அப் வசதி தனி, அதற்குக் காசு. தொடக்கத்தில் தேவையில்லை.

எல்லா நெசவாளரும் ஆப்பைத் திறப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். "நமக்கு இதெல்லாம் வராது தம்பி, முடிஞ்சதும் போன்ல சொல்லுதேன்" என்று ஒரு அக்கா சொன்னால், "சரிக்கா" என்று விட்டுவிடுங்கள். சாயங்காலம் ஒரு போன் போட்டுக் கேட்டு நீங்களே தட்டிக்கொள்ளலாம். வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகளோ மகனோ இருந்தால் பத்து நாளில் அவர்களே எடுத்துச் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

வாடிக்கையாளர் பார்க்கும் பக்கம்

இது கடைசியாகச் செய்ய வேண்டியது. பலர் முதலில் செய்வதும் இதைத்தான். "என் பாய் எங்கே வரை வந்திருக்கு?" என்று ஒரே நாளில் ஏழெட்டுப் பேர் கேட்டுப் போன் ஓயாமல் அடிக்கிற காலத்தில் செய்தால் போதும். அதுவரை கூகுள் சைட்ஸில் ஒரே பக்கம்: படங்கள், விலை, ஃபார்ம் இணைப்பு, வாட்ஸ்அப் இணைப்பு.

அந்தக் காலம் வந்ததும் கிளைட் அல்லது சாஃப்ட்ர் பாருங்கள். இரண்டும் ஷீட்டோடு இணையும், பிரவுசரில் ஓடும். கிளைடில் செய்தது பிளே ஸ்டோரில் இருக்காது. இணைப்பைத் திறந்து போனின் முகப்பில் சேர்த்துக்கொண்டால் ஆப் போலவே இருக்கும். கல்யாணப் பாய் வாங்க யாரும் பிளே ஸ்டோருக்குப் போகப்போவதில்லை என்பதால் கவலைப்பட வேண்டாம்.

இங்கே ஒரு ஆபத்து. கிளைடில் "இவருடைய ஆர்டரை மட்டும் காட்டு" என்று ஃபில்டர் போட்டால் திரையில் மற்றவை மறையும். ஆனால் தகவல் வாடிக்கையாளரின் போனுக்கு வந்திருக்கும். தெரிந்தவர் தோண்டினால் எல்லோருடைய முகவரியும் போன் எண்ணும் கிடைத்துவிடும். ரோ ஓனர்ஸ் என்ற வசதியைப் போட்டால்தான் அந்த வரிசை உரியவருக்கு மட்டும் போகும். கல்யாண வீட்டு முகவரியும் தேதியும் வெளியே போவது, வீடு பூட்டிக் கிடக்கும் நாளைத் திருடனுக்குச் சொல்வது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதலோடு வாங்கச் சொல்கிறது. ஃபார்மின் கடைசியில் அதற்கு ஒரு வரி சேருங்கள்.

பபிள் என்ற கருவியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலுவானது, பெரிய சந்தைத் தளம்கூட அதில் கட்டலாம். ஆனால் கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அதில் கட்டியதை நிரலாக வெளியே எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. முதல் ஆப்புக்கு வேண்டாம். "எனக்கு இப்படி ஒரு தளம் வேண்டும்" என்று எழுதினாலே செய்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. மாதிரி காட்டுவதற்கு அருமை. அதில் மற்றவர்களின் போன் எண்ணையும் பணக் கணக்கையும் வைக்கும் முன், நிரல் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

பணம்

தொடக்கத்தில் உங்கள் யுபிஐ கியூஆர் போதும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஆர்டரை நகர்த்தாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்ய இரண்டு நிமிடம் போதும். உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்து, அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைப் பணத் தாளில் ஏற்றிய பிறகே "அட்வான்ஸ் வந்தது".

ஆர்டர் பெருகியதும் ரேசர்பே போன்ற, இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்குப் போகலாம். பொதுவாக 2 சதவீதக் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 3,000 ரூபாய் பாய்க்கு 70 ரூபாய் 80 பைசா போகும். அதை விலையில் சேர்த்து வையுங்கள். பான், வங்கிக் கணக்கு இவற்றோடு, உங்கள் தளத்தில் தொடர்பு, தனியுரிமை, பணம் திருப்பித் தரும் விதி ஆகிய பக்கங்கள் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பெயர் நெய்த பாயைத் திருப்பி எடுக்க முடியாது என்பதை அந்தப் பக்கத்தில் மட்டும் புதைக்காமல் ஃபார்மின் தலையிலேயே எழுதுங்கள்.

பார்சல் செலவையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்கு வாங்குவார்கள். நாலடி நீளச் சுருள், 122-க்கு 12-க்கு 12 என்றால் மூன்றரைக் கிலோ கணக்கு, பாய் எவ்வளவு லேசாக இருந்தாலும்.

காகித வேலை, சுருக்கமாக

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம். பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம். ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்றால் பொது விதி வேறு, கைவினைப் பொருளுக்குச் சலுகை வேறு. ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். அல்வா, அப்பளம், கருப்பட்டி என்று தின்பண்டமாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் இல்லாமல் ஒரு பொட்டலமும் போகக் கூடாது. கடன், மானியம் பற்றிக் கேட்க மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையம் திருநெல்வேலியிலும் உண்டு.

திறப்பதற்கு முன் ஒரு ஒத்திகை

உங்கள் வீட்டு ஆட்கள் நாலு பேரிடம் இணைப்பை அனுப்பி, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் ஆர்டர் போடச் சொல்லுங்கள். மதினி எங்கே நின்று "இதுல என்ன போடணும்?" என்று கேட்கிறாரோ அந்தக் கேள்வியை மாற்றி எழுதுங்கள். ஒருவர் பாதியில் ரத்து செய்யட்டும், ஒருவர் தேதியை மாற்றட்டும், ஒருவர் கிழமையைத் தவறாகப் போடட்டும். கட்டம் சிவக்கிறதா, ரத்தான ஆர்டர் நெசவாளரின் பட்டியலிலிருந்து போகிறதா, ஒரு நெசவாளரின் போனில் இன்னொருவரின் ஆர்டர் தெரிகிறதா என்று பாருங்கள். இந்துக் கல்யாணம் இல்லாத ஆடியில் ஆவணிக்கான ஆர்டர் வரத் தொடங்கும். மார்கழியில் தைக்கான ஆர்டர். அதனால் ஒத்திகையை ஆனியிலோ கார்த்திகையிலோ முடித்துவிடுவது நல்லது.

ஓடத் தொடங்கிய பிறகு வாரம் ஒரு முறை ஷீட்டை எக்ஸெல் கோப்பாக இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். கருவி நிறுவனம் விலையை ஏற்றினாலோ கடையை மூடினாலோ, உங்கள் ஆர்டரும் வாடிக்கையாளர் பட்டியலும் உங்களிடம் இருக்கும். இன்னொரு கருவியை அதே தாளில் மாட்டிக்கொள்ளலாம். யாராவது கை தவறி ஒரு பத்தியையே அழித்துவிட்டால் பதற வேண்டாம். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, அழிப்பதற்கு முந்தைய நேரத்தைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், அந்த நேரத்துக்குப் பிறகு வந்த ஆர்டர்களை வேறு கோப்பில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து போய்விடும்.